உறைபனிக்கு எந்த டயர்? தலைகுந்தாவில் நான் பட்ட பாடு

கீழே சமவெளியில் ஓடிக்கொண்டிருந்த காரை, வேலை மாற்றலோடு சேர்த்து ஊட்டிக்கு ஏற்றிக்கொண்டு வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நவம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை இங்கே உறைபனி விழும். இந்தக் குளிருக்கு வெளிநாட்டில் போடுகிற மாதிரி பனி டயர் போட வேண்டுமா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். விவரம் தெரிந்த ஒரே ஒரு ஆள் முதலிலேயே கிடைத்திருந்தால், புது டயர்களின் விலையைச் சேர்க்காமலே ஏறக்குறைய 27,000 ரூபாய் மிச்சமாகியிருக்கும். அந்த டிசம்பரில் போன தூக்கம் தனிக்கணக்கு.

நான் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். திருப்பூரிலிருந்து மாற்றல் வந்தபோது, காலை ஆறு மணி ஷிப்டுக்கு பஸ்ஸை நம்பமுடியாது என்று 2014 மாடல் ஸ்விஃப்ட் ஒன்றை செகண்ட்ஹேண்டில் வாங்கினேன். கணவருக்குச் சென்னையில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். வீடு ஊட்டிக்குப் பக்கத்தில் தலைகுந்தாவில் கிடைத்தது, வாடகை குறைவு. ஏன் குறைவு என்று டிசம்பரில்தான் புரிந்தது. அது பள்ளமான இடம். இரவில் சுற்றியுள்ள மேடுகளில் குளிர்ந்த காற்று கனத்து இறங்கி அங்கே தேங்கி நின்றுவிடும். ஊட்டி டவுனில் ஐந்தாறு டிகிரி இருக்கும்போது இங்கே சில விடியல்களில் பூஜ்யத்தைத் தொடும். வண்டியை விற்றவர் டயருக்குக் கறுப்பு பாலிஷ் அடித்து நிறுத்தியிருந்தார். "பட்டனைப் பாருங்க மேடம், அப்படியே இருக்கு. இன்னும் நாப்பதாயிரம் கிலோமீட்டர் தாராளமா ஓடும்" என்றார். பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டைகள், தேயாமல் இருந்தது உண்மைதான்.

டிசம்பர் கடைசி வாரம், விடியற்காலை ஐந்தரை மணி. எச்.பி.எஃப். என்கிற பழைய பிலிம் தொழிற்சாலைப் பக்கம், இருபுறமும் கற்பூர மரங்கள் (யூகலிப்டஸ்) நிழல் கட்டிய வளைவு. முப்பத்தைந்து, நாற்பதுக்கு மேல் வேகம் போகவில்லை. வளைவைத் திரும்பியதும் ஹெட்லைட் வெளிச்சத்தில் ஒரு காட்டெருமை சாலைக்குக் குறுக்கே நிற்கிறது. பிரேக்கை அழுத்தினேன். நான்கு சக்கரமும் அப்படியே பூட்டிக்கொண்டன. ஸ்டீயரிங்கை இடதுபுறம் ஒடித்தும் வண்டி கேட்கவில்லை, நேராகவே சறுக்கிக்கொண்டு போனது. பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கார்களில் கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான், என் வண்டியில் அது இல்லை. கடைசியில் எப்படியோ காலை எடுத்தேன், டயர் பிடித்தது, வண்டி இடதுபுறம் வெட்டி ஒரு சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரில் முட்டி நின்றது. காட்டெருமை திரும்பிக்கூடப் பார்க்காமல் மேட்டில் ஏறிப் போய்விட்டது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் கை நடுக்கம் நிற்க ரொம்ப நேரம் ஆனது. போனில் சிக்னலும் இல்லை. முதல் வண்டி வரும்வரை உள்ளேயே உட்கார்ந்து அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

பார்த்தவர்கள் எல்லோரும் "பனியில சறுக்கிருச்சு" என்றார்கள். நானும் பல நாள் அப்படித்தான் நம்பினேன். ஆனால் அன்று பனி படிந்திருந்தது புல்மேலும் நின்றிருந்த வண்டிகளின் கூரைமேலும்தான். தார்ச்சாலை வெறும் ஈரமாகத்தான் இருந்தது. இங்கே பெரும்பாலும் அப்படித்தான். தரையோடு ஒட்டிய தார், பகலில் வாங்கிய சூட்டைக் கொஞ்சம் வைத்துக்கொண்டிருக்கும், அதனால் புல் வெளுத்த பிறகும் சாலை உறைவது அபூர்வம். வழுக்குவது வேறு பொருட்கள்: மரநிழலில் பிடித்த பாசி, உதிர்ந்து மசிந்த கற்பூர இலை, காய்கறி லாரிகள் தோட்டத்திலிருந்து இழுத்து வரும் செம்மண், கொண்டை ஊசி வளைவுகளில் சிந்திய டீசல். இவற்றின்மேல் விடியற்காலை ஈரம் சேர்ந்தால் போதும்.

வண்டியை இழுத்துப்போன ஒர்க்‌ஷாப்பில் இருந்த வயதான மெக்கானிக்தான் முதல் உருப்படியான விஷயத்தைச் சொன்னார். கட்டைவிரல் நகத்தை டயரில் அழுத்திக் காட்டினார், தடமே பதியவில்லை. பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புகள். பாலிஷ் போனதும் எல்லாம் தெரிந்தது. "ரப்பர் செத்துப்போச்சுங்க மேடம். இதுல பட்டன் இருந்து என்ன பண்ண?" என்றார். அப்புறம் டார்ச் அடித்து ஓர் எண்ணைப் படிக்கச் சொன்னார். டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று ஆங்கிலத்தில் தொடங்கும் வரிசையின் கடைசியில், முட்டைவடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். என் டயரில் 3016. அதாவது 2016-ஆம் ஆண்டின் 30-ஆவது வாரத்தில் தயாரானது, ஏழு வருடம் தாண்டியது. வெயிலிலேயே நின்று நின்று காய்ந்த ரப்பர், விடியற்காலைக் குளிரில் இன்னும் இறுகி, ஈரத் தாரைப் பிடிக்க முடியாமல் போயிருக்கிறது. ஒரு எச்சரிக்கை: அந்த நான்கு இலக்கம் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம். உங்கள் பக்கம் இல்லையென்றால் வண்டிக்கு அடியில் குனிந்து உட்புறம் பாருங்கள். ஐந்து வருடம் தாண்டினால் வருடத்துக்கு ஒருமுறை காட்டுங்கள், பத்து வருடமானால் எப்படி இருந்தாலும் கழற்றிவிடுங்கள் என்பதுதான் டயர் கம்பெனிகள் பொதுவாகச் சொல்வது. மலையில் ஓட்டும் நான் ஆறு வருடத்துக்கு மேல் வைத்திருக்கமாட்டேன்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பம்பர், ஹெட்லைட், லோயர் ஆர்ம், ஒரு ரிம், டிங்கரிங் எல்லாம் சேர்ந்து 27,500 ரூபாய். இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதித் தொகைதான் கிடைக்கும், இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பார்த்துக் கழிப்பார்கள் என்பது பில் வந்த பிறகுதான் தெரிந்தது. என் கையிலிருந்து போனது 12,500. இன்சூரன்ஸ் பணம் கேட்காத வருடங்களுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் போயிற்று. பழைய வண்டி வாங்குபவர்கள், இப்படிக் கழிக்காமல் பணம் தரும் "பம்பர் டு பம்பர்" பாலிசி தங்கள் வண்டியின் வயதுக்குக் கிடைக்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இழுவை வண்டிக்கு 2,500. அந்த நாட்களில் ஷிப்டுக்கு வாடகை ஜீப், சம்பளமில்லாத லீவு என்று இன்னொரு நான்காயிரம். முதலில் சொன்ன 27,000-த்தில் மீதி எட்டாயிரம் எங்கே போனது என்றால், அதுதான் பனி டயர்.

பயம் பிடித்தவளுக்குப் பெரிய தீர்வாகத்தான் கண்ணில் படும். வீட்டு ஓனரம்மாவின் மகள் கனடாவில், கியூபெக் மாகாணத்தில் இருக்கிறாள். அங்கே டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனி டயர் சட்டப்படி கட்டாயம், போடாவிட்டால் அபராதம். "அக்கா, இது போட்டா பிரேக் அப்படிப் பிடிக்கும்" என்று வீடியோ காலில் சொன்னாள். அவள் சொன்னது சரிதான். சாதாரண டயரின் ரப்பர் ஏழு டிகிரிக்குக் கீழே இறுக ஆரம்பிக்கும். பனி டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் நெகிழ்வாகவே இருக்கும். பட்டன்களில் மெல்லிய அறுப்புகள் நிறைய இருக்கும், அவை பனியைக் கவ்வும். உண்மையான பனி டயருக்கு அடையாளம், மூன்று சிகரம் கொண்ட மலைக்குள் ஒரு பனிச்செதில் படம். பனித்தரையில் சோதித்துத் தேறினால்தான் அந்த முத்திரை. எம் பிளஸ் எஸ் என்ற எழுத்துகளும் பல டயர்களில் இருக்கும். அது சேற்றுக்கும் பனிக்கும் ஏற்ற பட்டன் அமைப்பு என்று கம்பெனியே போட்டுக்கொள்வது, சோதனை எதுவும் தேவையில்லை. ஜெர்மனியில் 2024 அக்டோபரிலிருந்து எம் பிளஸ் எஸ் மட்டும் உள்ள டயரைப் பனி டயராக ஏற்பதில்லை. இங்கே சில கடைகளில் அந்த எழுத்தைக் காட்டி "இதான் ஸ்நோ டயர்" என்பார்கள். நம்பாதீர்கள்.

கோயம்புத்தூரில் ஒரு கடை, இறக்குமதிச் சரக்கு வரவழைத்துத் தருவதாகச் சொன்னது. டயர் ஒன்று 11,000. அட்வான்ஸ் 8,000 கட்டச் சொன்னார்கள், கட்டினேன். இன்று, நாளை என்று இழுத்து ஜனவரி பாதியில் கூப்பிட்டார்கள். லீவு போட்டுப் போனேன். மெக்கானிக் சொன்னது நினைவிருந்ததால் முதலில் தேதியைத்தான் பார்த்தேன். நான்கும் ஐந்து வருடப் பழசு. மலை, பனிச்செதில் படம் இருந்தது, ஐஎஸ்ஐ முத்திரை இல்லை. நம் நாட்டில் விற்கும் கார் டயருக்கு அந்த முத்திரை கட்டாயம். போதாக்குறைக்கு, 2020 ஜூனிலிருந்து புது டயர் இறக்குமதிக்கே மத்திய அரசின் அனுமதி வேண்டும். பிறகு இது எந்த வழியாக வந்தது? கேட்டேன். "உங்களுக்கு எதுக்கு மேடம் அதெல்லாம், சார் வரலையா?" என்றார் கவுண்டரில் இருந்தவர். சார் வந்திருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பாரோ. வேண்டாம் என்றதும், ஆர்டர் கேன்சல் செய்தால் அட்வான்ஸ் கிடையாது என்று ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார். பக்கத்தில் யாருமில்லாமல் அந்தக் கடையில் நின்றபோது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. முன்பணம் கட்டுவதற்கு முன் தயாரிப்பு வருடத்தையும் ஐஎஸ்ஐ முத்திரையையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

அந்த டயர் கிடைக்காமல் போனது நல்லதற்குத்தான் என்று அப்புறம் தெரிந்தது. பக்கத்து வீட்டு டாக்ஸி அண்ணன், குன்னூர் பாதையில் வருடக்கணக்காக ஓட்டுபவர், ஒரே கேள்வி கேட்டார்: "ஏம்மா, ஒம்பது மணிக்கு மேல அந்த டயரை எங்க கழட்டி வைப்ப?" அதுதான் விஷயம். கியூபெக்கில் மாதக்கணக்கில் குளிர் விடாது. இங்கே உறைபனி விழுந்த அதே நாள் பகலில் இருபது டிகிரி வெயில் அடிக்கும். மாதம் இரண்டு தடவை நான் மேட்டுப்பாளையம் இறங்குகிறேன், பர்லியார் தாண்டினாலே வேர்க்கும், கீழே முப்பத்தைந்து டிகிரி. அந்தச் சூட்டில் பனி டயரின் ரப்பர் இளகி, வளைவில் வண்டி அலையும், பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் கூடும், டயரும் சீக்கிரமே தேய்ந்துவிடும். மேலிருந்து இறங்கும்போது, குன்னூருக்குக் கீழே அடுத்தடுத்து வரும் கொண்டை ஊசி வளைவுகளில்தான் பிரேக்குக்கு வேலை அதிகம், அங்கே பனியே கிடையாது. ஆகவே நீலகிரிக்குத் தேவை பனி டயர் இல்லை, ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும், ரப்பர் புதிதான, ஆழம் குறையாத சாதாரண டயர். எம்ஆர்எஃப், அப்போலோ, சியட் என்று எந்தக் கம்பெனியானாலும், ஒரே அளவில் நெடுநாள் உழைக்கும் வகையும் உண்டு, பிடிப்புக்கென்று செய்த வகையும் உண்டு. கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் உழைப்பு வகைதான், ஏனென்றால் எல்லோரும் எத்தனை கிலோமீட்டர் வரும் என்றுதான் கேட்கிறோம். நீங்கள் ஈரத்தில் எப்படி நிற்கும் என்று கேளுங்கள். சில டயர்களில் டிராக்‌ஷன் என்று போட்டு ஏஏ, ஏ, பி, சி என்று ஓர் எழுத்து இருக்கும், அது ஈரத்தில் பிரேக் பிடிக்கும் தரம். பக்கத்திலேயே டிரெட்வேர் என்று ஓர் எண் இருக்கும், அது கூடினால் தேய்மானம் குறைவு. என் அனுபவத்தில் மலைக்கு எழுத்துதான் முக்கியம், எண்ணை இரண்டாவதாகப் பார்த்தால் போதும்.

அளவை மாற்றச் சொல்லி ஆசை காட்டுவார்கள். என் வண்டிக்கு 165/80 ஆர்14. "185/70 போடுங்க, ரோட்டைக் கவ்விப் பிடிக்கும்" என்றார்கள். சுற்றளவு கிட்டத்தட்ட ஒன்றுதான், மாட்டிவிடலாம். ஆனால் அகலமான டயர் அதே எடையைக் கூடுதல் பரப்பில் பரப்பும். தேங்கிய தண்ணீரையும் சேற்றையும் பிளந்துகொண்டு தரையைத் தொடுவதில் ஒடுக்கமான டயர் மோசமில்லை. நான் கம்பெனி அளவையே வைத்துக்கொண்டேன். அளவுக்குப் பின்னால் 85டி என்று இருக்கும். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வரை தாக்குப்பிடிக்கும். வேகம் இங்கே யாருக்கும் பொருட்டில்லை. எடை எண் மட்டும் பழையதைவிடக் குறையக் கூடாது, அதுவும் ஐந்து பேரும் மூட்டையுமாக மலை ஏறுபவர்களுக்கு.

கடைசியில் மேட்டுப்பாளையத்தில் ஒரு கடையில் டயர் 4,800 என்று நான்கு வாங்கினேன். பில் போடும் முன்பே தேதி பார்த்தேன். இரண்டு புதிது, இரண்டு மூன்று வருடப் பழசு. கேட்டதும் சண்டை போடாமல் மாற்றிக் கொடுத்தார்கள். கேட்காமல் இருந்திருந்தால் மாட்டிவிட்டிருப்பார்கள். கையில் காசு குறைவாக இருந்து இரண்டுதான் வாங்க முடியும் என்றால், புதியதைப் பின்பக்கம் போடச் சொல்லுங்கள். முன்னால் போடுவதுதான் பல கடைகளில் வழக்கம். ஆனால் ஈர வளைவில் முன்சக்கரம் நழுவினால் காலை எடுத்துச் சமாளிக்கலாம். பின்சக்கரம் நழுவினால் வண்டியே சுழன்றுவிடும். நைட்ரஜனுக்குக் காசு கொடுக்கவில்லை, சாதாரணக் காற்றிலேயே முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன்தான். வீல் பேலன்சிங்கும் அலைன்மென்ட்டும் கட்டாயம் செய்தேன். புது டயரின் மேல் அச்சிலிருந்து கழற்ற உதவும் ஒரு வழவழப்பு இருக்கும். முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டருக்கு நிதானமாக ஓட்டச் சொன்னார்கள். புது டயர் போட்ட தெம்பில் அன்றைக்கே விரட்டிக்கொண்டு மலை ஏற நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

காற்றழுத்தம் பற்றி ஒரு விஷயம் எனக்குப் பிடித்துப்போனது. கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. அதனால் மேட்டுப்பாளையத்தில் அடித்த காற்று, ஊட்டியில் அளந்தால் உயரத்தினால் மட்டுமே மூன்று பவுண்டு கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் இடையில் குளிர், கிட்டத்தட்ட அதே அளவைக் குறைத்துவிடும். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்வதால் கீழே அடித்து மேலே வருபவர்களுக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. மேலேயே குடியிருப்பவர்களுக்குத்தான் சிக்கல். மதியம் இருபது டிகிரியில் 33 பவுண்டு அடித்தால், மறுநாள் விடியற்காலை இரண்டு டிகிரியில் அது முப்பதரை அளவுக்கு இறங்கியிருக்கும். அதனால் உறைபனிக் காலத்தில் வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது, காலையிலேயே அளந்து, கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்குச் சரிசெய்கிறேன். காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்று சிலர் சொல்வார்கள். மணலில் சரி, தார்ச்சாலை வளைவில் வேண்டாம்.

இப்போது விடியற்காலை ஷிப்டுக்கு அதே வளைவில்தான் போகிறேன். இரண்டாவது கியரில் இறங்குகிறேன், பிரேக் பூட்டினால் காலை எடுத்து மறுபடி அழுத்துகிறேன். சட்டப்படி கார் டயரில் 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் போதும், பட்டன் இடுக்கில் இருக்கும் சிறு மேடு அந்த அளவைக் காட்டும். டாக்ஸி அண்ணன் மழைக்கு முன் மூன்று மில்லிமீட்டர் வந்தாலே மாற்றிவிடுவாராம், நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். ஆழம் பார்க்கும் கேஜ் நூறு, நூற்றைம்பது ரூபாய்தான். கொண்டை ஊசி வளைவுகளில் முன் டயரின் ஓரங்கள் வேகமாகத் தேய்வதால் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின்னாக மாற்றுகிறேன்.

இன்னொன்று, ஸ்டெப்னி. நான்கு டயரையும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்தவள், ஒருநாள் டிக்கியைச் சுத்தம் செய்யும்போது பார்த்தால் அதில் 1114 என்று இருக்கிறது. வண்டியோடு பிறந்தது, ஒருமுறைகூடத் தரையைத் தொடாதது, பட்டன் முழுசாக இருந்தது. அடுத்த மாதச் சம்பளத்தில் ஐந்தாவது டயரும் வாங்கினேன், இன்னொரு 4,800.